எட்ட நிற்கும் மரியாதை

நன்கு துலக்கப்பெற்ற பழைய மோட்டார் வண்டி ஒன்று திடலிலே நிறுத்தப்பட்டிருக்கிறது. அதன் பித்தளை விளக்குகளில் வெயில் பட்டு மின்னுகிறது. தந்தையின் கையைப் பிடித்து நடந்துவந்த குழந்தை அக்கையை உதறிவிட்டு வண்டியை நோக்கி ஓடுகிறது. கண் கண்டதைக் கை தொட விரும்புவது குழந்தையின் இயல்பு. அக்கணத்திலே பெற்றோர் செய்யத்தக்கது யாது? அதட்டி இழுப்பதா? தொடட்டும் என்று விட்டுவிடுவதா? அல்லது வேறு வழி ஒன்று உண்டா?

இவ்வினா மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் பதுளையிலும், ஊவா மாகாணத்துத் தோட்டங்களிலும் இதன் பின்னே நெடிய வரலாறு ஒன்று உண்டு. மோட்டார் வண்டியைக் கண்டால் எட்ட நிற்க வேண்டும் என்பதை இப்பகுதி மக்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கற்றனர். அன்று அதனைக் கற்பித்தது அச்சம். எட்ட நிற்பதற்கு வேறொரு பொருளும் உண்டு என்பதை உணர்த்தியது, அண்மைக் காலத்தே தியத்தலாவையில் நிகழ்ந்த பெருந்துயர். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதே குழந்தைக்குச் சொல்லவேண்டிய சொல் எது என்பது தெளிவாகும்.

ஊவாவின் பாதைகள் மோட்டார் வண்டிக்காக அமைந்தவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே கால்நடையாகவும், பொதிமாடுகளின் துணைகொண்டுமே மக்கள் பயணம் செய்தனர். காட்டினூடே பாதை வெட்டுவதில் முனைந்த அதிகாரிகளுள் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவர் ஒருவர். யானை வேட்டையிலும் பெயர் பெற்றிருந்த அவர், 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடி தாக்கி இறந்தார். பதுளை நகரத்துப் புனித மார்க் தேவாலயம் அவர் நினைவாக எழுந்ததே. பின்னர்க் கோப்பித் தோட்டங்கள் பெருகின. கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலை வந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் கால்நடையாகவே மலையேறினர். புகையிரதம் 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. அங்கிருந்து பதுளையை அடைய அதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1924ஆம் ஆண்டிலேதான் பதுளை நிலையத்துக்கு வண்டி வந்து சேர்ந்தது. தெமோதரைக்கு அருகிலுள்ள ஒன்பது வளைவுப் பாலமும், பாதை தன்னையே சுற்றித் தனக்குக் கீழே நுழைந்து செல்லும் தெமோதரை வளையமும் அந்நெடிய உழைப்பின் சான்றுகளாகும்.

இதனிடையே மோட்டார் வண்டி இலங்கைக்கு வந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதல் வண்டிகள் இறங்கின. 1904ஆம் ஆண்டிலே மோட்டார் வண்டி உடையோர் தமக்கென ஒரு சங்கத்தையும் அமைத்துக்கொண்டனர். தோட்டங்களை மேற்பார்த்த துரைமார் குதிரையை விட்டு மோட்டார் வண்டிக்கு மாறலாயினர். அப்புத்தளையிலிருந்து பண்டாரவளை வழியாக ஹாலிஎல நோக்கி இறங்கும் பாதையிலும், பதுளையிலிருந்து பசறை, லுணுகலைப் பக்கம் செல்லும் பாதையிலும் அவ்வண்டிகளின் ஓசை கேட்கத் தொடங்கியது.

தோட்டத்து மக்கள் மோட்டார் வண்டியை முதன்முதல் அறிந்தது ஒரு யந்திரமாக அன்று. துரையின் வரவாகவே அதனை அறிந்தனர். துரைக்கு முன்னே தொழிலாளி நடந்துகொள்ள வேண்டிய முறை முன்பே வகுக்கப்பட்டிருந்தது. தலைப்பாகையை அவிழ்த்தல் வேண்டும். விரித்த குடையை மடக்குதல் வேண்டும். பாதையின் நடுவே நடப்பவர் ஓரத்துக் கானின் பக்கம் ஒதுங்குதல் வேண்டும். துரை குதிரையில் வந்த காலத்து வழக்கம், அவர் வண்டியில் வந்த காலத்திலும் தொடர்ந்தது. ஊதுகுழல் ஒலி வளைவுக்கு அப்பால் கேட்டதும், கொழுந்துக் கூடையுடன் வரும் பெண்கள் மண்திட்டோடு ஒட்டி நிற்பர். தாய்மார் குழந்தைகளைப் பின்னே இழுத்துக்கொள்வர். மலையகத்து முதியோர் பலர் இதனை நினைவுகூர்ந்து சொல்லியிருக்கின்றனர்.

இவ்வழக்கத்தை ஆராய்ந்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அன்றைய பிள்ளைக்குக் கற்பிக்கப்பட்டது, 'அது யாருடைய வண்டி?' என்பது ஒன்றுதான். அவ்வண்டி எவ்வாறு ஓடுகிறது, அதன் எந்தப் பகுதி சுடும், எந்தப் பக்கம் நிற்பது தீங்கு என்பன கற்பிக்கப்படவில்லை. ஒதுங்கி நின்ற உடல் பாதுகாப்புப் பெற்றதாயினும், அந்த ஒதுங்கல் அவ்வுடலின் நன்மைக்கென விதிக்கப்பட்டதன்று. வண்டியில் இருந்தவரின் பெருமைக்கென விதிக்கப்பட்டது. காரணம் கூறப்பெறாத கட்டளை, கட்டளையிட்டவர் இல்லாதபோது மறைந்துவிடும். துரையின் வண்டி பங்களாப் பக்கம் திரும்பியதும், அதன் புழுதியின் பின்னே லயத்துப் பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடியதும் இதனாலேயே.

காலம் மாறியது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், 1975ஆம் ஆண்டின் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசுடைமை ஆக்கின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. லொறியும் பஸ்ஸும் முச்சக்கர வண்டியும் தோட்டத்துப் பிள்ளைக்குப் பழகிய பொருள்களாயின. மோட்டார் வண்டியின் மீதிருந்த அச்சம் நீங்கியது நன்றே. ஆனால் அச்சம் நீங்கிய இடத்திலே அறிவு வந்து அமர்ந்ததா என்பது வேறு வினா.

வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. அறிவோடு எட்ட நிற்கும் வழக்கம் தோட்டத்து மக்களிடம் மற்றொரு வண்டியைச் சார்ந்து நெடுங்காலமாக இருந்துவந்திருக்கிறது. அது கோவில் தேர். திருவிழாக் காலத்தில் தேர் லயங்களைச் சுற்றி மலைப்பாதையில் வரும்போது பிள்ளைகள் எவ்வளவு ஆவலுடன் ஓடிவந்தாலும், சக்கரத்துக்கு அருகே எவரையும் பெரியோர் விடுவதில்லை. சிறு குழந்தை தந்தையின் தோளில் இருக்கும். நடக்கும் பிள்ளையின் கை தாயின் கையில் இருக்கும். வடம் பிடிப்பவர் முன்னே நிற்பர். முட்டுக்கட்டை இடுபவர் சக்கரத்தின் பக்கம் நிற்பர். ஏனையோர் ஒதுங்கிக் கும்பிடுவர். சரிவிலே தேர் எவருடைய சொல்லையும் கேளாது என்பதை எல்லாரும் அறிவர். அங்கே பக்தியும் உண்டு, சக்கரத்தைப் பற்றிய தெளிந்த அறிவும் உண்டு. காட்சிக்கு வைக்கும் மோட்டார் வண்டியிடம் காட்டவேண்டிய முறைமைக்கு இதனினும் சிறந்த முன்மாதிரியை வெளியே தேடவேண்டுவதில்லை.

மேலைநாட்டார் இம்முறைமையைக் கற்றது உயிர்களைக் கொடுத்தே. 1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள், இலண்டன் நகரின் கிறிஸ்டல் பலஸ் மைதானத்தில் புதிய மோட்டார் வண்டியொன்றைப் பொதுமக்களுக்கு ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தனர். பிரிட்ஜட் டிரிஸ்கொல் என்னும் 44 வயதுப் பெண்மணி தம் மகளுடன் அங்கே ஒரு விழாவுக்கு வந்திருந்தார். வந்த வண்டியைக் கண்டு திகைத்து நின்ற அவர் அதனால் மோதுண்டு இறந்தார். பிரித்தானியாவில் மோட்டார் வண்டியால் உயிரிழந்த முதற் பாதசாரி அவரே என்பர். கவனிக்கத்தக்கது யாதெனில், அந்த முதல் மரணம் நெடுஞ்சாலையில் நேரவில்லை. வண்டியைக் காட்சியாக வைத்த இடத்தில், ஒரு தாய் தன் மகளோடு சென்ற வேளையில் நேர்ந்தது.

1955ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் பிரான்சு நாட்டின் லெ மான் பந்தயத்தில் வண்டியொன்று சிதறிக் கூட்டத்தினுள் பாய்ந்ததால் 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1957ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் டயர் வெடித்த வண்டி பாதையோரத்தில் நின்றோர்மேல் விழுந்தது. பார்வையாளர் ஒன்பதின்மர் இறந்தனர். அவருள் ஐவர் குழந்தைகள். அப்பந்தயம் அவ்வாண்டோடு நிறுத்தப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 1977இல், அதே பெயர் கொண்ட நிகழ்ச்சி பழைய வண்டிகளின் அணிவகுப்பாக மறுபிறவி எடுத்தது. வேகத்தை வியந்த கூட்டம், பின்னாளில் வண்டியின் அழகையும் பழமையையும் வியக்கக் கற்றது எனலாம்.

இலங்கையிலும் இவ்விரு மரபுகளும் உள. நுவரெலியாவிலே மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டில் தொடங்கியது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வசந்த காலத்தில் மலைநாட்டுக்குச் செல்வதும், அங்கே வண்டிகளின் ஓட்டத்தைக் காண்பதும் பல குடும்பங்களின் வழக்கமாயின. மறுபுறம், பழைய வண்டிகளைப் பேணிக் காப்போர் 1987ஆம் ஆண்டில் ஒரு சங்கம் அமைத்தனர். கொழும்பு காலிமுகத் ஹோட்டலில் 1935ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்ட் வண்டியொன்று காட்சிக்கு வைக்கப்பட்டது. பிற்காலத்தில் எடின்பரோக் கோமகனாகிய பிலிப் இளவரசர், கடற்படை அதிகாரியாக இலங்கையில் இருந்த 1940ஆம் ஆண்டில் 12 பவுண் கொடுத்து அதனை வாங்கினார். காட்சி வண்டியின் மதிப்பு அதன் விலையில் இல்லை என்பதற்கு அது நல்ல சான்று. காலம் அதில் படிந்திருக்கிறது. ஒரு முறை கெட்டால் அதனை மீண்டும் கடையில் வாங்க இயலாது.

ஊவா மாகாணத்தில் இத்தகைய நிகழ்ச்சிக்குப் பெயர் பெற்ற இடம் தியத்தலாவை. பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் அண்மையிலுள்ள இவ்வூரில், 1900ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட போயர் போர்க் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தனர். பின்னர் அது படையினரின் பயிற்சிக் களமாயிற்று. அங்குள்ள பொக்ஸ் ஹில் எனும் குன்றின் சரிவிலே ஒரு நரியின் உருவம் வெண்கற்களால் வரையப்பட்டிருக்கும். 'பொக்ஸ்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் அதனை அமைத்தனர் என்பர். அக்குன்றின் அடியிலே மண்பாதையில் நடைபெற்று வந்த மோட்டார்ப் பந்தயத்தைக் காணப் பதுளையிலிருந்தும், சுற்றுத் தோட்டங்களிலிருந்தும், தொலை ஊர்களிலிருந்தும் மக்கள் திரள்வர். மலைச்சரிவே அவர்களுக்கு ஆசனம்.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பின்னர் அப்பந்தயம் மீண்டும் நடைபெற்றது. புத்தாண்டு விடுமுறையாதலால் பல்லாயிரவர் கூடியிருந்தனர்; குடும்பம் குடும்பமாக வந்தோர் பலர். ஓட்டத்தின்போது ஒரு வண்டி கவிழ்ந்தது. பின்வரும் சாரதிகள் வேகத்தைக் குறைக்கும்படி எச்சரிக்கைக் குறி காட்டப்பட்டது. அவ்வேளையிலே மற்றொரு வண்டி பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. எழுவர் உயிரிழந்தனர். அவருள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

விழாவுக்குச் சென்ற குழந்தை வீடு திரும்பாமற்போவதினும் பெரிய துயர் யாது? அன்று அங்கே நின்ற பெற்றோரைக் குறைகூறுவது அறமாகாது. கூட்டம் எவ்வழி நிற்கிறதோ அவ்வழியே எவரும் நிற்பர். நிற்குமிடத்தை வகுத்துக் காப்பது நடத்துவோரின் முதற் கடமை. ஆயினும் அத்துயரின் பின்னர், காட்சி வண்டிக்கும் குழந்தைக்கும் இடையே எத்துணைத் தூரம் வேண்டும், அத்தூரத்தை எவ்வாறு கற்பிப்பது என்பதை எந்தக் குடும்பமும் அற்பச் செய்தியாகக் கொள்ள இயலாது.

முதலிலே, நிறுத்திவைத்த வண்டியைப் பற்றிய முறைமை. உடையவரின் அனுமதி இன்றித் தொடலாகாது. இதன் காரணத்தைக் குழந்தைக்கு எளிதாகச் சொல்லலாம்: விரலிலே கண்ணுக்குத் தெரியாத மணல் இருக்கும்; பழைய வண்டியின் மெல்லிய வர்ணத்தில் அது கோடு கிழித்துவிடும். சட்டையின் பொத்தானும் இடுப்புவாரின் கொளுவியும் அவ்வாறே. ஆதலால் குழந்தையைத் தூக்கி வண்டியின் மேல் அமர்த்திப் படம் எடுப்பது, பிள்ளை செய்யும் தவறன்று, பெற்றோர் செய்யும் தவறு. தின்பண்டத்தை உண்டு முடித்து, கையைத் துடைத்த பின்னரே வண்டியருகே செல்லுதல் நன்று. கைகளை முதுகுப்புறம் கோத்துக்கொண்டு பார்க்கும்படி சொன்னால், குழந்தை அதனை ஒரு விளையாட்டாகவே ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, குழந்தையின் உடலைக் காக்கும் முறைமை. இப்பொழுதுதான் வந்து நின்ற வண்டியின் புகைக்குழாய் தோலைச் சுட்டுவிடும். கொதிநீர் நிறைந்த ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். கதவு மூடும்போது சிறு விரல் இடையிலே அகப்படும். உடையவர் அன்போடு இருக்கையில் அமரவிட்டாலும், கைத்தடுப்பையும் கியர்க் கோலையும் குழந்தை அசைக்காதவாறு பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்றல் வேண்டும். மிகப் பழைய வண்டிகள் பலவற்றுக்குப் பின்சக்கரங்களில் மட்டுமே தடுப்பு உண்டு. பதுளை மாவட்டத்திலோ சமநிலம் அரிது. சரிவில் வண்டியை நிறுத்துவோர் சக்கரத்தின் கீழ்ப்புறம் கல் ஒன்றை வைப்பது மலைநாட்டு வழக்கம். அக்கல்லை உதைத்து விளையாடும் பிள்ளைக்கு, அது தேரின் முட்டுக்கட்டை போன்றது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதன்பின் அப்பிள்ளை அதனைத் தொடாது, பிற பிள்ளைகளையும் தொடவிடாது.

மூன்றாவது, ஓடும் வண்டியைப் பற்றியது. வளைவின் வெளிப்புறத்திலே நிற்கலாகாது. கட்டுமீறிய வண்டி நேரே செல்லுமே அன்றி வளையாது. பாதையின் மட்டத்தில் நிற்பதினும் உயர்ந்த மேட்டில் நிற்பது நன்று. கயிறோ வேலியோ கட்டியிருந்தால் அதற்குப் பின்னே நிற்பதோடு, அதனை ஒட்டியும் நில்லாமை வேண்டும். கயிறு எல்லையைக் காட்டுமே அன்றி வண்டியைத் தடுக்காது. எங்கேனும் ஒரு வண்டி கவிழ்ந்தால் அதனைப் பார்க்க ஓடுவது மனித இயல்பு. அதுவே மிகவும் இடர் மிகுந்த நேரம். அப்போது குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்பவரே அறிவுடையவர். கூட்டம் நெருங்கி, நிற்க நல்ல இடம் இல்லையாயின், காட்சியை விட்டு வீடு திரும்புவதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

வண்டி உடையோருக்கும் ஒரு முறைமை உண்டு. செருப்பணிந்து வந்த நகரத்துப் பிள்ளைக்குக் கதவைத் திறந்து காட்டுபவர், லயத்திலிருந்து வந்த பிள்ளையைக் கையசைத்து விரட்டுவாராயின், பழைய துரையின் ஊதுகுழலே அங்கு மீண்டும் ஒலிக்கிறது. எட்ட நிற்கவேண்டிய தூரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். அருகே அழைக்கும் அன்பும் அவ்வாறே. 'ஐயா, இது எந்த ஆண்டு வண்டி? எந்த நாட்டில் செய்தது?' என்று பிள்ளை கேட்கும்படி பெற்றோர் பழக்கினால், பெரும்பாலான உடையவர்கள் மகிழ்ந்து விடை சொல்வர். தொட முடியாத கைக்குப் பதிலாக, கேட்கத் தெரிந்த வாய் பிள்ளைக்குக் கிடைத்துவிடும். இன்று வினாவும் பிள்ளை நாளை அவ்வண்டியைப் பழுதுபார்க்கும் வினைஞனாகவோ, புதிதாய் அமைக்கும் பொறியியலாளனாகவோ ஆகலாம்.

பெற்றோரின் சொல்லில் இருக்கவேண்டியது காரணமே. 'தொடாதே, திட்டுவார்கள்' என்பது பழைய அச்சத்தின் எச்சம். திட்டுபவர் இல்லாத இடத்தில் அச்சொல் பயன்படாது. 'இங்கே நின்று பார்ப்போம், அது சுடும், அது உருளும், அது ஒருவர் பாதுகாத்து வைத்த பொருள்' என்ற சொற்களோ, பெற்றோர் அருகில் இல்லாத நாளிலும் பிள்ளையின் காதில் நிற்கும்.

குடையை மடக்கிக் கானின் ஓரம் ஒதுங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று தலைநிமிர்ந்து திடலுக்குச் செல்கின்றனர். அவர்கள் எவருக்கும் அஞ்சி ஒதுங்க வேண்டுவதில்லை. தம் உயிரையும், பக்கத்தில் நிற்பவரின் உயிரையும், பிறர் பேணிய பொருளையும் மதித்து இரண்டடி பின்னே நின்றால் போதும். தியத்தலாவையில் மறைந்த அச்சிறுமியின் வயதொத்த பிள்ளைகளுக்கு இதனைக் கற்பித்துவைப்பது, அவளுக்கு ஊவா மக்கள் செய்யக்கூடிய நினைவுக்கடன் ஆகும்.